மனையாகும் முன்பே தரிசாகும் வயல்கள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியின் முகமே மாறிவிடும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீராட ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மக்கள் திரள்கின்றனர். அவர்கள் தலைமீது விழும் நீர் அத்துடன் பயன் முடிந்து போவதில்லை. அது சிற்றாறாகி, அணைக்கட்டுகளில் மறிக்கப்பட்டு, கால்கள் வழியே குளங்களை நிரப்பி, கார் பருவத்து நெல்வயல்களை அடைகிறது. எஞ்சியது சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, இராமநதி, கடனாநதி ஆகிய அணைகளின் நீரும் இதேபோல மலையடிவாரத்து நஞ்சைகளுக்கே உரியது. அருவியைப் பார்க்க வருவோரில் எத்தனை பேர் அது பாயும் வயலைப் பார்க்கின்றனர் என்பது வேறு கேள்வி.

அண்மையில் ஊருக்குச் சென்றிருந்தபோது தென்காசியிலிருந்து செங்கோட்டை வரை சாலையோரமாகவே பார்த்துக்கொண்டு போனேன். வண்ணம் பூசிய எல்லைக் கற்கள், கொடித் தோரணம், புதிதாக எழுப்பிய நுழைவு வளைவு என மனைப்பிரிவின் அடையாளங்கள் வயல்களுக்கு நடுவே தென்பட்டன. "விளைநிலத்தை அழித்து வீட்டுமனை போடுகிறார்கள்" என்பது இங்கு எல்லோரும் சொல்லும் குறை. அதில் உண்மை உண்டு. ஆனால், அது முழு உண்மையன்று. அந்தக் கற்கள் நடப்பட்ட இடங்களில் பெரும்பாலானவை, நடப்படுவதற்கு முந்தைய நாள்வரை பயிர் விளைந்த வயல்களாக இருக்கவில்லை. பல ஆண்டுகளாகப் புல்லும் சீமைக்கருவேலும் மண்டிக் கிடந்தவை அவை. வயல் நேரடியாக மனையாவதில்லை, முதலில் தரிசாகிறது. நம் சட்டங்களோ மனையாகும் கட்டத்தில்தான் கண் விழிக்கின்றன. வேளாண் நிலத்தைக் காப்பது பற்றிய நம் விவாதத்தின் அடிப்படைக் குறை இதுதான் என்பது என் கருத்து.

புள்ளிவிவரங்களும் இதையே உணர்த்துகின்றன. தமிழ்நாட்டின் மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 130 லட்சம் ஹெக்டேர். இதில் நிகர சாகுபடிப் பரப்பு 1970களின் தொடக்கத்தில் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இப்போது அது 50 லட்சம் ஹெக்டேருக்குக் கீழே இறங்கிவிட்டது. இதே காலத்தில் வீடு, சாலை, தொழிற்சாலை முதலிய வேளாண்மை அல்லாத பயன்பாட்டிலுள்ள நிலம் ஏறத்தாழ 15 லட்சம் ஹெக்டேரிலிருந்து ஏறத்தாழ 22 லட்சமாக உயர்ந்துள்ளது. கட்டடங்களும் சாலைகளும் எடுத்துக்கொண்ட கூடுதல் நிலம் 7 லட்சம் ஹெக்டேர். சாகுபடியிலிருந்து விலகிய நிலமோ 10 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகம். கட்டடங்கள் முழுவதும் வயல்களின் மீதே எழுந்தன என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு நேராகவில்லை. மீதியின் பெரும்பகுதி தரிசுக் கணக்கில் உள்ளது. நடப்புத் தரிசும் பிற தரிசும் சேர்ந்து இன்று சுமார் 25 லட்சம் ஹெக்டேர்.

தரிசு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நிலைகள் உள்ளன. ஓர் ஆண்டு மட்டும் பயிரிடப்படாமல் விடப்பட்டது நடப்புத் தரிசு. ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டு வரை கிடப்பது பிற தரிசு. ஐந்தாண்டைத் தாண்டினால் அது சாகுபடிக்கேற்ற தரிசு என்னும் வகைக்குள் தள்ளப்படும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டில் ஒவ்வொரு பசலியிலும் இது குறிக்கப்படுகிறது. ஆக, ஒரு வயல் எந்த ஆண்டில் நோயுற்றது, எத்தனை ஆண்டாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது என்ற விவரம் அரசின் கையிலேயே இருக்கிறது. அதைப் படித்து நடவடிக்கை எடுக்கும் வழக்கம்தான் இல்லை.

வயல் ஏன் தரிசாகிறது? மழை, விலை, கூலி எனக் காரணங்களை அடுக்கலாம். இவை அனைத்தும் மெய்யே. ஆயினும் இவற்றுக்கு அடியில் நிலவுடைமையின் உருவம் கடந்த அரை நூற்றாண்டில் மாறிய கதை இருக்கிறது. வேளாண் கணக்கெடுப்பின்படி 1970-71இல் தமிழ்நாட்டில் 53 லட்சம் கைப்பற்றுகள் இருந்தன. அவற்றின் சராசரி அளவு 1.45 ஹெக்டேர். 2015-16இல் கைப்பற்றுகள் 79 லட்சமாகப் பெருகின, சராசரி 0.75 ஹெக்டேராகச் சுருங்கியது. இந்திய அளவில் இதே காலத்தில் சராசரி 2.28 ஹெக்டேரிலிருந்து 1.08 ஹெக்டேராகக் குறைந்தது. தமிழ்நாட்டில் இன்று நூற்றில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கைப்பற்றுகள் இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்டவை.

இந்தச் சுருக்கத்தை வீழ்ச்சி என்று மட்டுமே பார்ப்பது பிழை. ஊத்துமலை, சிவகிரி போன்ற ஜமீன்களின் ஆதிக்கத்தில் இருந்த வட்டாரம் இது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம், அந்த உச்சவரம்பை 30 தர ஏக்கரிலிருந்து 15 தர ஏக்கராகக் குறைத்த 1970ஆம் ஆண்டின் திருத்தம் ஆகியவை நிலத்தை ஒருசிலர் கையிலிருந்து விடுவிக்க முயன்றன. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த வாரிசுரிமைத் திருத்தம் மகள்களுக்கும் மூதாதையர் சொத்தில் சம பங்கு அளித்தது. இவை நீதியின் பொருட்டு நிகழ்ந்த பிரிவினைகள். பின்னோக்கித் திருப்பப்பட வேண்டியவை அல்ல. ஆனால், நிலத்தைப் பங்கிடச் சட்டம் இயற்றிய நாம், பங்கிடப்பட்ட நிலத்தைச் சேர்த்துப் பயிரிட வழி செய்யவில்லை. பிரிக்கும் கத்தி கூர்மையாக இருக்கிறது. தைக்கும் ஊசியைக் காணோம்.

இதை வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பவனாக நான் எழுதவில்லை. என் பாட்டனார் காலத்தில் எங்கள் நஞ்சையைக் கோட்டைக் கணக்கில் சொல்வார்கள். இத்தனை கோட்டை விதைப்பாடு என்பது ஒரு குடும்பத்தின் தகுதியாகவே கருதப்பட்டது. தந்தையார் காலத்தில் அது மரக்கால் கணக்குக்கு இறங்கியது. இன்று என் பெயரிலும் உடன்பிறந்தோர் இருவர் பெயரிலுமாக, ஒரு குளத்தின் கீழப்பத்தில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. நான் சென்னையில் இருக்கிறேன். தம்பி வெளிநாட்டில். தங்கை கோவையில். எங்களில் யாருக்கும் மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. மூன்று துண்டுகளையும் சேர்த்து உழுபவர் உள்ளூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். எங்களுக்குள் உள்ள குத்தகை வாய்ச்சொல்தான். ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

காகிதம் இல்லாததன் விலையை அவர்தான் கொடுக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும், பயிர்க் காப்பீடு செய்யப் போனாலும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கினாலும் பட்டாவும் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படுகின்றன. பி.எம். கிசான் திட்டத்தின் 6,000 ரூபாய், நிலம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கே உரியது. வருமான வரி செலுத்துவதால் நான் அதற்குத் தகுதியற்றவன். பெயரில் நிலமில்லாததால் உழுபவரும் தகுதியற்றவர். ஆக, அந்த வயலில் விளைச்சல் உண்டு. ஆனால், அரசின் கண்ணில் விவசாயி எவரும் இல்லை. "வயக்காடு உங்க பேருல, பாடு என் பேருல. ஆபீஸ்ல கேக்கது காயிதத்தைல்லா தம்பி?" என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். அச்சம்தான் காரணம். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வலிய நிலவுடைமையாளரிடமிருந்து எளிய உழவரைக் காக்கப் பிறந்தவை. அந்தக் காலத்தில் அவை இன்றியமையாதவை. ஆனால், இன்று நிலவுடைமையாளர்களில் பலர் அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்திருப்பவர்கள். "பெயர் பதிவானால் நிலம் திரும்பாது" என்ற அச்சத்தில் அவர்கள் குத்தகையை எழுத்தில் வைப்பதில்லை. சிலர் ஒரே உழவரைத் தொடர்ந்து வைத்திருக்கவும் தயங்கி ஆண்டுக்கு ஆண்டு மாற்றுகின்றனர். இன்னும் சிலர், வம்பே வேண்டாம் என்று வயலைச் சும்மா போட்டுவிடுகின்றனர். தரிசுக்கான கதவு இப்படித்தான் திறக்கிறது.

ஒரு வயல் தரிசானால் அது அந்த வயலோடு நிற்பதில்லை. புதர் மண்டிய இடம் எலிக்கும் காட்டுப்பன்றிக்கும் புகலிடமாகிறது. மேக்கரை, வடகரைப் பகுதிகளில் பன்றியும் யானையும் இறங்கிச் செய்யும் சேதம் ஏற்கெனவே உழவர்களை வாட்டுகிறது. அடுத்து, கால் தூர்வாரப்படாமல் போகிறது. பத்துப் பேர் சேர்ந்து செய்த வேலையை ஆறு பேர் செய்ய வேண்டியிருக்கிறது. அறுவடை இயந்திரம் இறங்கப் பரப்பும் வழியும் வேண்டும். நடுவில் ஒரு துண்டு மட்டும் விளைந்தால் அதற்கென இயந்திரம் வராது. குளத்துப் பாசனத்தில் வயல்கள் தனித்தனிச் சொத்துகளாக இருந்தாலும், அவற்றின் உயிர் ஒன்று. தமிழ்நாட்டில் 1960களின் தொடக்கத்தில் குளங்களும் ஏரிகளும் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நீர் தந்தன. அண்மைக் காலத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் அதில் பாதியை எட்டுவதே அரிதாகிவிட்டது.

எல்லா வயல்களும் நேரே புதராவதில்லை. இடையில் தென்னை வருகிறது. ஊரில் இல்லாத உடைமையாளருக்கு ஏற்ற பயிர் அது. நடுவையும் களையெடுப்பும் அறுப்பும் இல்லை. ஆளை வைத்துக் காய் வெட்டினால் போதும். மலையடிவாரத்தில் தென்னை புதியதன்று என்றாலும், குளத்துப் பாசன நெல்வயல்களுக்குள்ளும் அது இறங்கியிருப்பது கவனிக்கத்தக்கது. குற்றாலம் போன்ற ஊரில் தோப்பு அத்துடன் நிற்பதில்லை. தோப்புக்குள் ஒரு தங்கும் விடுதி, விடுதிக்குள் ஒரு நீச்சல் குளம் என்று அது வளர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை ஓடைகளைத் திருப்பி, தனியார் விடுதிகளில் செயற்கை அருவிகள் அமைக்கப்பட்டது பற்றிய வழக்கில், அவற்றின்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது நினைவிருக்கலாம். தென்காசி மாவட்டமும் அந்த வழக்கின் மையமாக இருந்தது. நிலத்தின் பயன்பாடு மாறும்போது நீரின் திசையும் மாறுகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

சிறு கைப்பற்று என்பதே நோய் என்றால், மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் வாடியிருக்க வேண்டும். அங்கு நிலைமை அப்படியில்லை. ஆலங்குளம், பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்துப் புஞ்சைகளில் கிணற்றை நம்பி வெண்டை, தக்காளி, மிளகாய், சின்ன வெங்காயம் என மாறி மாறிப் பயிரிடுகின்றனர். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி புளியரை வழியாகக் கேரளம் செல்கிறது. புளியங்குடி எலுமிச்சைக்கும் சங்கரன்கோவில் பூவுக்கும் தனிச் சந்தைகளே உண்டு. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் அதைப் பார்க்கவே கேரளத்திலிருந்து வண்டிகள் வருகின்றன. அங்கும் தண்ணீர், விலைச் சரிவு என்ற துன்பங்கள் உள்ளன. எனினும், ஓர் உண்மை புலப்படுகிறது. உழுபவரே உடைமையாளராகவும், நீர் அவர் கட்டுப்பாட்டிலும், சந்தை பக்கத்திலும் இருந்தால் ஓர் ஏக்கரும் உயிரோடு இருக்கும். உடைமை ஓரிடம், உழைப்பு ஓரிடம், முடிவு வேறிடம் என்று பிரிந்துபோன குளத்துப் பாசன நஞ்சைதான் முதலில் விழுகிறது.

விழுந்தபின் என்னவாகும் என்பதைப் புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பார்க்கலாம். செங்கோட்டை வட்டாரமே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததுதான். ஆகவே, இந்த ஒப்பீடு நமக்கு அந்நியமானதன்று. கேரளத்தில் 1970களின் நடுவில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளைந்தது. இன்று அது 2 லட்சம் ஹெக்டேர் அளவில் நிற்கிறது. வயல்கள் தென்னைக்கும் ரப்பருக்கும் வீடுகளுக்கும் போனபின், 2008இல் நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தை அந்த மாநிலம் இயற்றியது. அந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய கூறு ஒன்று உண்டு. வயலை நிரப்பத் தடை விதித்ததோடு, தரிசாகக் கிடக்கும் வயலைப் பிறர் மூலம் பயிரிடச் செய்யவும் அது வழி வகுத்தது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் குத்தகை நிலத்தில் கூட்டாகப் பயிர் செய்கின்றன. நெல்வயலை வயலாகவே வைத்திருப்போருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கும் திட்டத்தையும் 2020இல் கேரளம் தொடங்கியது. முக்கால் பங்கை இழந்தபின் கற்ற பாடம் அது.

நாம் என்ன செய்தோம்? அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டே, ஏற்கெனவே பிரிக்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. காவிரிப் படுகைக்கென 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றப்பட்டது. அது எண்ணெய், எரிவாயு போன்ற திட்டங்களைத் தடுக்கிறதே தவிர, தரிசையும் மனைப்பிரிவையும் தொடவில்லை. தென்காசிக்கு அந்த அளவு பாதுகாப்பும் இல்லை. இராஜபாளையம்-செங்கோட்டை நான்குவழிச் சாலைக்கு நஞ்சையைக் கையகப்படுத்துவதை எதிர்த்து இங்குள்ள உழவர்கள் குரல் எழுப்பியபோது, தம் வயல்கள் விளையும் நிலம் என்பதை அவர்களே வாதாடி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியவை என நான் கருதுவன மூன்று. முதலாவது, நில உரிமையைத் தொடாத, சாகுபடி உரிமையை மட்டும் பதிவு செய்யும் குறுங்காலக் குத்தகைச் சட்டம். நிதி ஆயோக் 2016இல் மாதிரிச் சட்டம் ஒன்றை முன்வைத்தது. ஆந்திரப் பிரதேசம் 2019இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இயற்றி, 11 மாதங்களுக்கான அட்டை வழங்கியது. உடைமையாளர் கையெழுத்திட்டால்தான் அட்டை என்பதால் அங்கும் பலர் விடுபட்டுப் போயினர். அந்தக் குறையைத் தவிர்க்க, இடையில் ஒரு பொது அமைப்பு நிற்பது நல்லது. நம்மைப் போலவே துண்டு வயல்களும் ஊரில் இல்லாத வாரிசுகளும் நிறைந்த ஜப்பான், 2014 முதல் மாவட்டந்தோறும் நில வங்கிகளை அமைத்துள்ளது. உடைமையாளர் நிலத்தை வங்கிக்குக் குத்தகைக்கு விடுகிறார்; வங்கி அதைச் சேர்த்து உழுபவருக்கு விடுகிறது. நிலம் திரும்புவதற்கு அரசே பிணை. உடைமையாளருக்கு உழவர்மீது உள்ள அச்சம் இதனால் நீங்கும்.

இரண்டாவது, பாதுகாப்பின் அலகு சர்வே எண்ணாக இல்லாமல் ஆயக்கட்டாக இருக்க வேண்டும். ஒரு குளத்தின் கீழுள்ள நிலத்தை வகைமாற்றம் செய்யக் கோரினால், அந்தக் குளத்தின் நீரைப் பயன்படுத்தும் மற்ற உழவர்களின் கருத்தைக் கேட்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் மேலாண்மையில் விவசாயிகள் பங்கேற்புச் சட்டத்தின்கீழ் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் ஏற்கெனவே உள்ளன. அவற்றுக்கு இந்தப் பணியை அளிக்கலாம். மூன்றாவது, அடங்கலில் ஒரு வயல் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகத் தரிசு எனப் பதிவானால், வேளாண் துறை அதன் உடைமையாளரைத் தொடர்பு கொள்ள வேண்டும். தண்டிப்பதற்காக அன்று, காரணம் அறிந்து, நில வங்கியின் வழியைக் காட்டுவதற்காக.

"என் நிலத்தை நான் விற்கக் கூடாதா?" என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. மருத்துவச் செலவுக்கோ மகளின் படிப்புக்கோ அரை ஏக்கரை விற்கும் ஒருவரிடம் நாட்டின் உணவுப் பாதுகாப்பைப் பற்றிப் பேச எவருக்கும் தகுதியில்லை. வயல் வயலாகவே இருக்க வேண்டும் என்று சமூகம் விரும்பினால், அதற்கான செலவில் சமூகமும் பங்கேற்க வேண்டும். கேரளத்தின் உரிமைத் தொகை சிறியதே. ஆனாலும், அந்தக் கொள்கை சரியானது. தடையை மட்டும் விதித்து இழப்பை உழவர் தலையில் கட்டுவது நீதியாகாது.

திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று பிறந்த மாவட்டம் தென்காசி. அதன் நகரங்கள் இனிமேல்தான் விரியப் போகின்றன. சாலைகள் அகலமாகி வருகின்றன. எந்த வயல் எத்தனை ஆண்டாகத் தரிசு என்ற கணக்கை வைத்துக்கொண்டு, எந்தக் குளத்து ஆயக்கட்டு காக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்ய இன்னும் கால அவகாசம் இருக்கிறது.

இதை அரசுக்கு மட்டும் எழுதிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இந்தக் கார் பருவத்துக்கு முன் அண்ணாச்சியின் பெயருக்கு எழுத்தில் குத்தகை கொடுப்பதென நானும் தங்கையும் முடிவு செய்து கையெழுத்திட்டுவிட்டோம். வழக்குரைஞரான நண்பர் ஒருவர் வேண்டாம் என்றே சொன்னார். வெளிநாட்டிலிருக்கும் தம்பி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய துண்டு நடுவில் இருக்கிறது. காலிலிருந்து வரும் தண்ணீர் அதைக் கடந்துதான் என் வயலுக்கு வர வேண்டும்.